500 வெள்ளிப் பங்குக்கு 8 வெள்ளி தரகு: சிறு முதலீட்டாளர் பார்க்க வேண்டிய கணக்கு

பங்கு வாங்க இப்போது யாரும் தரகு அலுவலகத்துக்குப் போவதில்லை. கைத்தொலைபேசிச் செயலியில் கணக்கைத் திறந்து, சம்பளம் வந்ததும் மாதம் 300, 500 வெள்ளிக்குப் பங்கு வாங்கும் இளையோர் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். ரெமிசியருக்குத் தொலைபேசியில் சொல்லி வாங்கிய காலத்தில், ஒரு முறை வாங்கினால் குறைந்தது 40 வெள்ளி தரகு என்பது வழக்கமாக இருந்தது. அதோடு ஒப்பிட்டால் இன்றைய இணையத் தரகு மலிவுதான். ஆனால் யாருக்கு மலிவு என்பதைப் பார்க்க வேண்டும்.

தரகு நிறுவனங்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது விழுக்காட்டை. அதன் கீழே சிறிய எழுத்தில் 'குறைந்தபட்சக் கட்டணம்' என்று ஒன்று இருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: தரகு 0.08 விழுக்காடு, குறைந்தபட்சம் 8 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 500 வெள்ளிக்கு 0.08 விழுக்காடு என்றால் வெறும் 40 சென். ஆனால் வாங்குபவர் கட்டுவது 8 வெள்ளி. விளம்பரத்தில் சொன்ன விழுக்காடு உண்மையில் பொருந்துவது 10,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்குத்தான்.

தரகோடு கணக்கு முடிவதில்லை. புர்சா மலேசியாவில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் 0.03 விழுக்காடு தீர்வுக் கட்டணம் உண்டு. முத்திரை வரி ஒவ்வோர் 1,000 வெள்ளிக்கும், அதில் ஒரு பகுதிக்கும், 1 வெள்ளி. ஆக, 500 வெள்ளிக்குப் பங்கு வாங்கினால் 8 வெள்ளி தரகு, 1 வெள்ளி முத்திரை வரி, 15 சென் தீர்வுக் கட்டணம். மொத்தம் 9 வெள்ளி 15 சென். விற்கும்போதும் ஏறக்குறைய அதே தொகை. பங்கு விலை 3.66 விழுக்காடு உயர்ந்தால்தான் போட்ட பணமாவது திரும்பக் கைக்கு வரும். மலேசியாவில் சில நிரந்தர வைப்புத் தொகைகள் ஓராண்டுக்குத் தரும் வட்டியே அந்த அளவுதான்.

இதே ஆள் மாதம் 500 வெள்ளியை ஒதுக்கி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை 1,500 வெள்ளிக்கு வாங்கினால் என்ன ஆகும்? ஒரு தடவைக்கு 8 வெள்ளி தரகு, 2 வெள்ளி முத்திரை வரி, 45 சென் தீர்வுக் கட்டணம். ஆண்டுக்கு நான்கு தடவை, மொத்தம் 41 வெள்ளி 80 சென். மாதாமாதம் வாங்கியிருந்தால் 109 வெள்ளி 80 சென் போயிருக்கும். முதலீடு இரண்டிலும் 6,000 வெள்ளிதான். காத்திருக்கும் மாதங்களில் விலை ஏறிவிடலாம் என்பது நியாயமான பயம். இறங்கவும் செய்யலாம். மிச்சமாகும் 68 வெள்ளி மட்டும் உறுதி. குறைந்தபட்சக் கட்டணமே இல்லாத தளத்தில் இந்தக் கணக்கு மாறும். ஆனால் அங்கே 'தளக் கட்டணம்' என்ற வேறு பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஆர்டர் போடும் விதத்திலும் காசு போகிறது. ஒரே நாளில் ஒரே பங்கைத் துண்டு துண்டாக வாங்கினாலும் பல நிறுவனங்கள் அதை ஒரே ஒப்பந்தமாகச் சேர்த்து ஒரு தரகுதான் எடுக்கும். ஆனால் சில நாள்களுக்கு நீடிக்கும் ஆர்டர் போட்டு, இன்று பாதியும் நாளை மீதியும் கிடைத்தால் குறைந்தபட்சக் கட்டணம் இரண்டு முறை விழும். அதிகம் கைமாறாத பங்குகளில் இது அடிக்கடி நடக்கும்.

சிறு முதலீட்டாளர்களை அதிகம் கடிப்பது கட்டணப் பட்டியலில் இல்லாத ஒன்று. 1 வெள்ளிக்குக் குறைவான பங்குகள் புர்சாவில் அரை சென் படியாகத்தான் நகரும். 10 சென் பங்கை வாங்குபவர் 10 சென்னுக்குக் கேட்பார், விற்பவர் 10.5 சென்னுக்குச் சொல்வார். அவசரப்பட்டு 'மார்க்கெட்' ஆர்டர் போட்டு 10.5 சென்னில் 4,700 பங்கு வாங்கியவர், அடுத்த நிமிடமே விற்க நினைத்தால் 23 வெள்ளி 50 சென் நட்டம். வாங்கி விற்கும் இரண்டு கட்டணத்தையும் சேர்த்தாலும் அந்த அளவு வராது. விலையைக் குறிப்பிட்டு 'லிமிட்' ஆர்டர் போடுவது இதனால்தான் முக்கியம். ஆர்டர் நிறைவேறாமல் போகலாம், கட்டணமும் இல்லை. 'சில்லறைப் பங்கு, இறங்க இன்னும் என்ன இருக்கிறது' என்று வாங்குபவர்கள் இந்த அரை சென்னைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

புர்சாவில் ஒரு லாட் 100 பங்கு. போனஸ் பங்காலோ, லாப ஈவுக்குப் பதிலாகப் பங்கு வாங்குவதாலோ 37, 52 என்று உதிரிகள் கணக்கில் சேரும். அவற்றைத் தனியாக விற்றால், 2 வெள்ளி விலையுள்ள 37 பங்குக்கு வரும் 74 வெள்ளியில் 9 வெள்ளிக்கு மேல் கட்டணமாகப் போகும். வாங்க ஆள் கிடைப்பதும் அரிது.

அமெரிக்கப் பங்குகளைக் 'கமிஷன் இல்லாமல்' விற்கும் செயலிகளில், வெள்ளியை டாலராக மாற்றும் விகிதத்தைப் பார்த்தால் கமிஷன் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியவரும். அங்கிருந்து வரும் லாப ஈவில் 30 விழுக்காடு வரியாகவும் பிடிக்கப்படும்.

தோட்டப்புறப் பெரியவர்களிடம் பங்கு என்று சொன்னாலே மைக்கா ஹோல்டிங்ஸ் நினைவுக்கு வரும். அந்தப் பங்குகள் கடைசிவரை சந்தையில் பட்டியலிடப்படவில்லை. விற்க நினைத்தவர்களுக்குச் சந்தையில் வழி இல்லை. இன்றைய தலைமுறைக்கு விற்க வழி இருக்கிறது, விலையும் கையிலேயே தெரிகிறது. அதே கைத்தொலைபேசியில்தான் 'கட்டணமே கிடையாது' என்று அழைக்கும் டெலிகிராம் குழுக்களும் வருகின்றன. உரிமம் இல்லாதவர்களின் பட்டியலைப் பங்கு பத்திர ஆணையம் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பணம் போடுமுன் அதைப் பார்க்க எந்தக் கட்டணமும் இல்லை.

முத்திரை வரி இப்போதுள்ள 0.1 விழுக்காட்டுக்கு வந்தது 2023 ஜூலை 13-இல். அதற்கு முன் 2022 தொடக்கத்திலிருந்து 0.15 விழுக்காடாக இருந்தது. இந்தச் சலுகை 2028 ஜூலை 12 வரைதான். அதன் பிறகு நீட்டிக்கப்படாவிட்டால் 1,000 வெள்ளிக்கு 1 வெள்ளி 50 சென் என்று கணக்கை மீண்டும் போட வேண்டியிருக்கும்.