ஆயில் விளக்கு அணையாவிட்டால்

கேள்வி: காய்கறி ஏற்றும் மினி லாரியில் இன்ஜின் ஓடும்போதும் சிவப்பு ஆயில் விளக்கு அணைவதில்லை. சென்சாரை மாற்றினால் போதுமா?

பதில்: பழுது சென்சாரிலா, ஆயில் அழுத்தத்திலா என்று தெரியாமல் மாற்றக் கூடாது. அழுத்தம் உண்மையிலேயே இல்லாமல் ஓட்டினால் பேரிங் தேய்ந்து இன்ஜின் சீஸ் ஆகிவிடும். விளக்கு எரிந்ததும் வண்டியை நிறுத்தி, சமதளத்தில் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். சிலர் சென்சார் ஒயரைப் பிடுங்கிக் கட்டிவிட்டு, விளக்கு அணைந்துவிட்டது என்று சந்தை வரை ஓட்டுகிறார்கள். மிகவும் ஆபத்தான காரியம் அது.

ஆயில் அளவு சரியாக இருந்தால், இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு ஒயரைக் கழற்றலாம். ஒற்றை ஒயர் சென்சாரில், கழற்றியும் விளக்கு எரிந்தால் ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகிறது. அணைந்தாலும் அதை வைத்து முடிவு கட்ட முடியாது. சென்சார் இருந்த துளையில் மெக்கானிக் பிரஷர் கேஜ் பொருத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். கேஜில் அழுத்தம் சரியாக இருந்தால் சென்சார்தான் பழுது. சிறு செலவோடு போயிற்று. குறைந்தால் ஆயில் பம்ப், பேரிங் பக்கம் போக வேண்டும்.

புதிய சென்சார் அதே மரை அளவில் இருக்க வேண்டும். இன்ஜின் ஆறியபின் மாட்டலாம். ஒற்றை ஒயர் சென்சாருக்கு அதன் உடம்பே எர்த். மரையில் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் வேலை செய்யாது. மாட்டிய பின் இன்ஜினை ஓட்டி, அடியில் ஆயில் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.