ஊருக்குப் போன கோர்ட் தபால்

சென்ற ஆண்டு ஆடி மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு ஊரிலிருந்து அம்மா போன் செய்தார்கள். எட்டு மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறவர்கள்.

"ஏய்யா, தம்பிக்கு ஒண்ணும் இல்லியே? பம்பாய் கோர்ட்லருந்து தபால் வந்திருக்குன்னு போஸ்ட்மேன் குடுத்துட்டுப் போனாரு. போலீசு புடிச்சிட்டுப் போயிருமோ?"

தபால் வந்து அப்போது இரண்டு நாளாகியிருந்தது. அந்த இரண்டு நாளும் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று பக்கத்து வீட்டு அத்தை பிறகு சொன்னார்கள். தெருவில் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லலாம் என்றால், விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்ற வெட்கம். மகன் பம்பாயில் என்ன செய்தானோ என்ற பயம்.

தம்பி அப்போது என் பக்கத்தில்தான், கோவண்டியில் எங்கள் பத்துக்குப் பத்து அறையில், சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தான். அவன் செய்த குற்றம் என்ன தெரியுமா? ஹெல்மெட் போடாதது, சிக்னல் தாண்டியது. மொத்தம் ஏழு சலான். கொலையும் இல்லை, கொள்ளையும் இல்லை.

இந்தச் சின்ன விஷயத்தைச் சங்கப் பத்திரிகையில் எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். எழுதத்தான் வேண்டும். நம்மவர்கள் வீட்டில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வீட்டுக்கு வீடு நடக்கிற கதை.

முதலில், பம்பாய் சலான் எப்படித் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமத்துக்குப் போனது என்று சொல்கிறேன். தம்பி வண்டியை ஊரில் வாங்கினான். பதிவுப் புத்தகத்தில் ஊர் முகவரி. கடைக்காரர் கேட்டபோது அப்பாவின் போன் நம்பரைக் கொடுத்தான். பிறகு வண்டியை ரயில் பார்சலில் போட்டுக் கொண்டுவந்து, நான்கு வருஷமாக கோவண்டியிலிருந்து பாந்த்ரா வரை சாப்பாட்டு டெலிவரிக்கு ஓட்டுகிறான். இடையில் அப்பா காலமானார்கள். அந்த சிம்மும் காலாவதியாகிவிட்டது. மும்பையில் 2016 முதல் கேமரா மூலம் மின் சலான் வந்துவிட்டது. முன்பு போல ஹவில்தார் கை நீட்டி நிறுத்துவதில்லை. படம் பிடிக்கிறார்கள், குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். தம்பிக்கு வந்த ஏழு செய்தியும் இறந்துபோன அப்பாவின் நம்பருக்குப் போயின. யார் படிப்பது? கடைசியில்தான் தபால், முகவரியில் இருந்த வீட்டைத் தேடிப் போய் அம்மாவைப் பயமுறுத்தியது.

இதில் தம்பியின் தவறு இன்னொன்றும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். நம் சால்களின் வாசலில் டி.என். என்று தொடங்கும் நம்பர் பலகைகள் எத்தனை நிற்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள்.

இனி நான் செய்த தவறு. அண்ணன் என்ற முறையில் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கிளம்பினேன். ஒரு கோர்ட் வாசலில் கறுப்புக் கோட்டு இல்லாத ஒரு மனிதர், "என்ன அண்ணா, சலான் கேஸா? உள்ளே போனால் நாள் முழுக்க நிற்க வேண்டும், நான் முடித்துத் தருகிறேன்" என்று தமிழிலேயே பேசினார். தமிழ்க் குரலைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது. ரூ. 3,500 கொடுத்தேன். ஏதோ கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதைப் பாவ்தி என்று நம்பி மடித்து, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். மூன்று மாதம் கழித்து, பக்கத்து அறைப் பையன் தன் போனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தான். ஏழு சலானும் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் கட்டப்படவில்லை.

அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மா ஊரில் பயந்ததற்கும் நான் கோர்ட் வாசலில் ஏமாந்ததற்கும் காரணம் ஒன்றுதான். ‘கோர்ட்’ என்று எழுதிய காகிதத்தைப் படிப்பதற்கு முன்பே நாம் நடுங்கிவிடுகிறோம். நடுங்குகிற மனிதனைத்தான் ஏஜென்ட் தேடிக்கொண்டிருக்கிறான்.

ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று, சலான் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் மின் சலான் பக்கத்தில் வண்டி நம்பரைக் கொடுத்தால் நாள், இடம், குற்றம், தொகை தெரியும். கேமரா பிடித்ததென்றால் படமும் இருக்கும். படத்தைக் கட்டாயம் பாருங்கள். தம்பியின் ஏழில் இரண்டு அவனுடையதே அல்ல. அவனுடையது மோட்டார் சைக்கிள். படத்தில் இருந்தது ஸ்கூட்டர். மூன்றை எட்டென்று படித்திருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தின் நகலும் வண்டியின் படமும் சேர்த்துப் புகார் கொடுத்தோம். சில வாரங்களில் இரண்டும் ரத்தாயின. ஏஜென்ட்டுக்குக் கொடுத்தபோது அந்த இரண்டுக்கும் சேர்த்துத்தானே கொடுத்தேன்!

இரண்டு, கட்டாமல் விட்ட சலான் கோர்ட்டுக்குப் போயிருந்தால், எந்தக் கோர்ட் என்று கண்டுபிடிக்க வேண்டும். இது முன்பு பெரும்பாடு. இப்போது ஈ-கோர்ட்ஸ் பக்கத்தில் மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் என்று தேர்ந்து, பெயரைப் போட்டுத் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால் ஏஜென்ட்டும் வேண்டாம், குமாஸ்தாவின் முகத்தையும் பார்க்க வேண்டாம். போக்குவரத்து வழக்குகளுக்கென்றே ‘விர்ச்சுவல் கோர்ட்’ என்று தனிப் பக்கமும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் இத்தகைய கோர்ட் 2020 அக்டோபரில் நாக்பூர் மாவட்டத்துக் காட்டோலில் தொடங்கப்பட்டது. காட்டோல் ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு தாலுகா ஊர். ரயிலேறிப் போக வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். இருந்த இடத்திலிருந்தே வழக்கைப் பார்த்து அபராதம் கட்டலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் வாதாடவும் கேட்கலாம்.

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் காரில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். புனே, சதாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி என்று எத்தனை தாலுகா எல்லைகளைத் தாண்டுகிறோம்! பெயர்கூடத் தெரியாத ஓர் ஊரில் வேகக் கேமரா படம் பிடித்திருக்கும். வீடு திரும்பி மாதங்கள் கழித்துத்தான் தெரியும். வழியில் நிறுத்திக் காகிதச் சலான் கொடுத்தால், காவல் நிலையத்தின் பெயரையும் கோர்ட்டின் பெயரையும் அந்த இடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாவ்தி இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஓட்டுநர் உரிமம் வீட்டில் இருக்கிறதே என்று கெஞ்ச வேண்டியதும் இல்லை. டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் உள்ளது அசலுக்குச் சமம் என்று 2018லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

மூன்று, சம்மன் வந்தாலே சிறை என்று நினைக்காதீர்கள். சிறு குற்றங்களுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. 208ஆம் பிரிவின்படி வக்கீல் மூலம் ஆஜராகலாம்; அல்லது குறித்த தேதிக்கு முன் பதிவுத் தபாலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சம்மனில் சொன்ன தொகையை அனுப்பிவிடலாம். குடித்துவிட்டு ஓட்டியது போன்ற குற்றங்கள் வேறு. அவற்றுக்குக் கோர்ட் படி ஏறியே ஆக வேண்டும்.

நான்கு, லோக் அதாலத். வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை தேசிய லோக் அதாலத் கூடுகிறது. சலான்களையும் அங்கே பேசி முடிக்கலாம். அங்கே முடிந்தது முடிந்ததுதான், மேல்முறையீடு இல்லை. தம்பியின் மீதி ஐந்து சலானையும் அங்கேதான் முடித்தோம். கட்டிய தொகை அந்த ஏஜென்ட்டிடம் நான் கொடுத்ததைவிடக் குறைவு. அச்சடித்த ரசீது கையில் கிடைத்தபோது தம்பி சொன்னான்: "அண்ணே, இதையும் அம்மாவுக்கு அனுப்பிருவோம்." அனுப்பினோம்.

இன்னொரு எச்சரிக்கை. ‘உங்கள் வண்டிக்குச் சலான், இதை அழுத்துங்கள்’ என்று வாட்ஸப்பில் கோப்பு வந்தால் அழுத்தாதீர்கள். பாங்கிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் மோசடி அது.

இனி என் கருத்து. அரசாங்கத்தின் மீது எனக்கு வருத்தம் உண்டு. கேமரா ஒரு நொடியில் படம் பிடிக்கிறது. 2021இல் வந்த 167ஏ விதி, குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றது. ஆனால் போன் நம்பர் மாறியவனுக்கும், வாடகை அறையை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவனுக்கும், மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாதவனுக்கும் அந்த நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்க்கிறார்கள்? டெலிவரி பையனுக்கு ஒரு நாள் கோர்ட்டில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவனுக்கு ரூ. 500 அபராதம் உண்மையில் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. இதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால், நம் கையும் சுத்தமாக இருக்க வேண்டாமா? ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்கிறோம். ஒரே வண்டியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கோயிலுக்குப் போகிறோம். பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, ‘பால் வாங்கி வா’ என்கிறோம். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு, பையன் ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ. 25,000 அபராதமும் என்கிறது. சிறை இருக்கட்டும், மான்கூர்ட் லிங்க் ரோட்டில் லாரிகள் போகிற வேகம் நமக்குத் தெரியாததா? பையன் திரும்பி வர வேண்டுமே!

இன்னும் சிலர், ‘தள்ளுபடி வரும், அப்போது கட்டலாம்’ என்று காத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் 2023லும் 2025லும் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள், உண்மைதான். அதை நம்பிப் பாக்கி வைத்தால், வண்டியை விற்கவோ தடையில்லாச் சான்றிதழ் வாங்கவோ போகிற அன்று எல்லாம் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பட்டிமன்றம் நடத்துகிறோம், பொங்கல் விழா எடுக்கிறோம், நல்லதுதான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஒரு மேஜை, நான்கு நாற்காலி போடுங்கள். நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து, வருகிறவர்களின் வண்டி நம்பரைப் பார்த்துச் சொல்லட்டும். பழைய போன் நம்பரை மாற்றிக் கொடுக்கட்டும். வக்கீல் தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணையத்துக்கு வழி சொல்லட்டும். பெண்களுக்கும், பட்டியல் இனத்தாருக்கும், குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் இலவச வக்கீல் தர 1987 சட்டம் இருக்கிறது. கேட்பார் இல்லாமல் கிடக்கிறது.

வாசகர்கள் இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் யாருடைய போன் நம்பர், எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். ஊர் முகவரியாக இருந்தால் உடனே மாற்றுங்கள். நாம் இங்கே தாண்டிய சிக்னலுக்கு, அங்கே நம் தாய்மார்கள் பட்டினி கிடக்க வேண்டாம்.