மருந்து கிடைக்கிறது, துணை கிடைக்கிறதா?

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பார்கள். பிறர் துன்பம் உணராதவனை இடித்துரைக்கும் பழமொழி அது. ஆனால், தனக்கு வந்து தேறியவனுக்கு அது நன்றாகவே தெரியும் என்ற மற்றொரு பொருளும் அதில் உண்டு. எச்.ஐ.வி.யோடு வாழும் இளைஞர்களின் மனநலத்தைப் பற்றி எண்ணும்போது எனக்கு இந்த இரண்டாவது பொருளே முன்னிற்கிறது.

1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமித் தொற்றைக் கண்டறிந்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியது. இன்று நம் நெல்லை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அது கிடைக்கிறது. நாள் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலமும் அது பிறருக்குத் தொற்றாது. தாயிடமிருந்து இதைப் பெற்ற குழந்தைகள் பலர் மருந்தின் பயனால் வளர்ந்து, நம் வயதை எட்டிவிட்டார்கள்.

உடல் தேறியது, உள்ளம்? பெற்றோரை இழந்து ஆச்சி வீட்டில் வளர்ந்தவர் உண்டு. விடுதியில் மாத்திரை டப்பாவை ஒளித்து வைப்பதும், 'என்ன மாத்திரை?' என்ற கேள்விக்குப் பொய் சொல்வதும், திருமணத்தை நினைத்து அஞ்சுவதும் இரத்தப் பரிசோதனையில் தெரியா. மனம் சோர்ந்தால் மாத்திரை நிற்கிறது. மாத்திரை நின்றால் கிருமி பெருகுகிறது. ஆகவே மனநலமும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

இத்துன்பத்தில் பங்குகொள்ளத் தக்கவர் யார்? அதே மாத்திரையை விழுங்கிய இன்னோர் இளைஞரே என்பது என் கருத்து. இதற்கு வழிகாட்டியது நம் தமிழகம். 1998-இல் கௌசல்யா அவர்களும் தோழியரும் சென்னையில் தொற்றுடன் வாழும் பெண்களுக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவினார்கள். இளைஞருக்கென இதைச் செய்து காட்டியது ஜிம்பாப்வே. அங்கு 2004-இல் தோன்றிய 'ஸ்வான்டிரி' இயக்கத்தின் பெயருக்கு 'நான் இருக்கிறபடியே' என்று பொருள். தொற்றுடன் வாழும் 18 முதல் 24 வயதினர் பயிற்சி பெற்று, தம்மினும் இளையோரை வீடு தேடிச் சென்று பார்க்கிறார்கள். 2020-இல் வெளியான ஆய்வில், இத்துணை பெற்றவர்களிடம் கிருமி நன்கு கட்டுப்பட்டிருந்தது.

'பக்குவமில்லாத பிள்ளைகளை நம்பலாமா?' என்று என் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வள்ளுவரும் 'நட்பு' அதிகாரத்தை அடுத்து 'நட்பாராய்தல்' வைத்தாரல்லவா? தோழர் மருத்துவர் அல்லர். எப்போது கேட்பது, எப்போது மருத்துவரிடம் அழைத்துச் செல்வது என்று அவருக்குக் கற்பிக்க வேண்டும். அவர் மனப்பாரத்தை இறக்கவும் ஒருவர் வேண்டும். ஊதியமும் வேண்டும், பிறர் கண்ணீரைச் சுமப்பவரை வெறும் பாராட்டோடு அனுப்பிவிடலாகாது.

நம் கல்லூரிகளில் செஞ்சுருள் சங்கங்கள் இருக்கின்றன. டிசம்பர் 1 அன்று ஊர்வலம் போகிறோம். 'வராமல் காப்போம்' என்று முழங்குகிறோம். அந்த ஊர்வலத்திலேயே, வந்துவிட்ட ஒருவர் வாய் மூடி நடந்தால் அவருக்கு நாம் என்ன சொன்னோம்? அம்பாசமுத்திரத்திலிருந்தோ ஸ்ரீவைகுண்டத்திலிருந்தோ நம்மோடு பஸ்ஸில் வருபவராகவும் அவர் இருக்கலாம். அவர் யாரென்று தேடுவது நம் வேலையன்று. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய இரகசியத்தையும், கல்வி உரிமையையும் காக்கிறது.

நம்மால் செய்யக்கூடியவை சில. இந்நோயை வைத்துக் கேலி பேசுவதை நிறுத்தலாம். சங்கக் கூட்டத்துக்குப் பயிற்சி பெற்ற தோழர் ஒருவரை, அவர் விரும்பினால், அழைத்துப் பேசச் சொல்லலாம். எச்.ஐ.வி. உதவிக்கான 1097, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். அரசோ ஒவ்வொரு கூட்டு மருந்து மையத்திலும் ஊதியத்தோடு ஓர் இளந்தோழரை அமர்த்த வேண்டும்.

மருந்தை அரசு தந்துவிட்டது. அதை ஒளிக்காமல் விழுங்கக்கூடிய ஓர் அறையையாவது நாம் தரவேண்டாமா?