தியாகத்தைப் புகழ்ந்தது போதும்

பணக்கார வீட்டுப் பிள்ளையாக இல்லாவிட்டால், குடும்பத்துக்கென்று ஒரு தொழில் இல்லாவிட்டால், விளையாட்டையே வாழ்க்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று 2025 பிப்ரவரியில் ஒரு பேட்டியில் சொன்னார் புல்லேலா கோபிசந்த். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. 2001இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டத்தை வென்றவர். வீட்டை அடமானம் வைத்து ஹைதராபாத்தில் அகாடமி கட்டியவர். 2012இல் லண்டனில் சாய்னா நேவால் வெண்கலமும், 2016இல் ரியோவில் பி.வி. சிந்து வெள்ளியும் வென்றபோது பின்னால் நின்ற பயிற்சியாளர். விளையாட்டுக்காக இவ்வளவு பணயம் வைத்த மனிதரே இப்படிச் சொல்கிறார் என்றால், அதை அலட்சியமாகக் கடந்துவிட முடியாது.

பாகூர் கொம்யூனில் உள்ள செலியமேட்டில் இருந்து கேட்டால் அந்தப் பேச்சு இன்னும் கனமாக விழுகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி இது. ஆனால், இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிவது வயல் கூலியிலும் கட்டட வேலையிலும்தான். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை நன்றாகக் கபடி ஆடுகிறான், பெண் வேகமாக ஓடுகிறாள் என்றால் பெற்றோருக்குப் பெருமையோடு பயமும் வரும். காலணி வாங்க வேண்டும், போட்டிக்குப் போகப் பேருந்துக் காசு வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும். பத்து வருடம் ஓடிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால்? படிப்பும் போய், விளையாட்டும் போய் நிற்கும் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? கோபிசந்த் எழுப்பியதும் இந்தக் கேள்வியைத்தான். விளையாட்டை முழுநேரமாக எடுத்துக்கொள்பவர்களில் உச்சிக்குப் போகிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களைத் தாங்கிப்பிடிக்க நம்மிடம் ஏற்பாடு இல்லை.

அவர் சொன்ன நோய் உண்மை. சொன்ன மருந்தை என்னால் ஏற்க முடியவில்லை. விளையாட்டு பணக்காரர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், இந்த நாட்டில் நல்ல பயிற்சியாளர்கள் இதுவரை செய்த வேலைக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். ஏனென்றால், அவர்களில் பெரியவர்கள் பலர் இல்லாதவர்களைத்தான் தேடிப்போய் எடுத்தார்கள்.

சையது அப்துல் ரஹீமை எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1950 முதல் இறக்கும்வரை இந்தியக் கால்பந்து அணியை வழிநடத்தியவர். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போகும்போது அவர் உடம்பில் புற்றுநோய் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்தோடு ஆடும்போது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜுக்குக் காய்ச்சல். போதாததற்கு, போட்டி நடத்தும் நாட்டோடு ஏற்பட்ட அரசியல் சச்சரவால் மைதானமே இந்தியாவுக்கு எதிராக ஊளையிட்டது.

சாதாரண ஆளாக இருந்தால் ஜர்னைலை வெளியே உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோனார். தடுப்பாட்டக்காரரைக் கோல் அடிக்க அனுப்பினார், அதுவும் தலையில் கட்டோடு. அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார். செப்டம்பர் 4 அன்று ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் முன்னால் இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் அதே தென்கொரியா. தங்கராஜ் மறுபடி கோல் கம்பத்துக்கு நடுவே வந்து நின்றார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று, இந்தியா 2-1. முந்தின இரவு வீரர்களைக் கூப்பிட்டு, எனக்கு நாளை ஒரு பரிசு தாருங்கள் என்று கேட்டாராம் ரஹீம். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூனில் அவர் இறந்தார். அதற்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் வென்றதே இல்லை.

அந்த அணியின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். வங்காளத்து சுனி கோஸ்வாமி தலைவர். ஜர்னைல் சீக்கியர். மெட்ராஸ் ரெஜிமென்டில் வளர்ந்த தங்கராஜ், கோவாவின் ஃபிராங்கோ, ஹைதராபாத்தின் யூசுஃப் கான், பலராம். ரஹீம் இவர்களிடம் கேட்டதெல்லாம் ஒருவரையொருவர் நம்ப வேண்டும் என்பதைத்தான். நம்பிக்கை என்றதும் நமக்குக் கோயிலும் விபூதியும் நினைவுக்கு வருகின்றன. ஆட்டத்துக்கு முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பையனின் பக்தியை நான் குறைத்துப் பேசவில்லை. அது அவனுக்கு உண்மையான பலம். ஆனால், பயிற்சியாளரின் நம்பிக்கை அதைவிட அகலமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் வுடன் என்ற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். பைபிளைத் தவறாமல் படித்த கிறிஸ்தவர். அவருடைய மிகப் பெரிய வீரர் லூ அல்சிண்டர் இஸ்லாத்தைத் தழுவி கரீம் அப்துல் ஜப்பார் ஆனார். இருவருக்கும் இடையே இருந்த பாசம் வுடன் 2010இல் இறக்கும்வரை, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அறுபடவில்லை. தன் கடவுளை உறுதியாகப் பற்றிக்கொண்டு, மாணவனின் கடவுளுக்கும் இடம் விட்ட மனிதர் அவர்.

அதே வுடன் ஒவ்வொரு ஆண்டும் புது வீரர்களுக்கு நடத்திய முதல் பாடம், சாக்ஸ் போடுவது எப்படி என்பது. மடிப்பு விழுந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் ஆட முடியாது, அவ்வளவுதான். ரியோவுக்கு முன் சிந்துவின் கைபேசியை மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டார் கோபிசந்த். அங்கே போன பிறகு அவருக்குப் பிடித்த இனிப்புத் தயிரையும் நிறுத்தினார். கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால், தலைமை என்பது மேடைப் பேச்சில் இல்லை, இப்படிப்பட்ட அற்ப விஷயங்களில் விடாப்பிடியாக நிற்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். வீட்டில் பிள்ளைகளை வளர்க்கிறவர்களுக்கு இது தெரியும். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு மூன்று மாதம் அதைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம்!

இப்படிப்பட்ட பயிற்சியாளர்களைத் தேடி ஹைதராபாத் வரை போக வேண்டியதில்லை. பாகூரைத் தாண்டித் தென்பெண்ணையைக் கடந்தால் கடலூர். அங்கே எஸ். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் கட்டியெழுப்பிய இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி, எளிய வீட்டுப் பெண்களைக் கால்பந்து ஆட வைத்தது. அகாடமியின் அணி இந்திய மகளிர் லீக் வரை போனது. கடலூரின் இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை ஆனார். 2018இல் தமிழ்நாடு மகளிர் அணி முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது, அதுவும் மணிப்பூரைத் தோற்கடித்து. சென்னையில் குடிசைகளில் இருந்து அகற்றப்பட்டவர்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய கண்ணகி நகரில் இருந்து கார்த்திகா புறப்பட்டு, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கத்தோடு திரும்பினார். கோபிசந்தின் எச்சரிக்கைப்படி பார்த்தால் இந்தப் பெண்கள் யாரும் களத்தில் இறங்கியே இருக்கக் கூடாது.

அப்படியானால் கோபிசந்த் சொன்னது தவறு, கதை முடிந்தது என்று எழுதிவிடலாமா? முடியாது. ஒவ்வொரு வெற்றிக் கதையையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒருவர் சொந்தக் காசைப் போட்டிருப்பார். ஒருவர் வீட்டை அடகு வைத்திருப்பார். சதுரங்கத்தில் பிரக்ஞானந்தாவை வளர்த்த ஆர்.பி. ரமேஷ், பயிற்சி கொடுப்பதற்காக இந்தியன் ஆயில் வேலையையே விட்டவர். நாம் இதையெல்லாம் கண் கலங்கப் படிக்கிறோம், பாராட்டுக் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்துகிறோம். தியாகம், தியாகம் என்று சொல்லிச் சொல்லியே, பயிற்சியாளருக்கு மாதச் சம்பளமும் பிள்ளைகளுக்கு மைதானமும் கொடுக்க வேண்டிய கடமையில் இருந்து அரசும் நாமும் நழுவிவிட்டோம். இது எனக்குக் கோபத்தையே தருகிறது. வீட்டை அடகு வைக்கத் துணிந்தவர் இருக்கும் ஊருக்கு மட்டும் விளையாட்டு கிடைக்கும் என்றால், மற்ற ஊர்ப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

தனிமனிதர்களை மட்டும் நம்பியிருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2021இல் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர், தன்னிடம் பயின்ற சிறுமிக்குப் பாலியல் தொல்லை கொடுத்த புகாரில் போக்சோ சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். எல்லாம் ஒருவர் கையில் என்று ஆகிவிட்டால், போட்டிக்குத் தேர்வு செய்வதும் அவர், சான்றிதழ் வாங்கித் தருவதும் அவர், வெளியூர் கூட்டிப்போவதும் அவர் என்று இருந்துவிட்டால், அந்தப் பெண் யாரிடம் போய் வாய் திறப்பாள்? பெண் பிள்ளைகள் ஆடும் இடத்தில் பெண் பயிற்சியாளரோ பெண் பொறுப்பாளரோ இருந்தே ஆக வேண்டும். இதில் பேரம் கிடையாது. குருவின் மேல் வைக்கும் நம்பிக்கைக்குக் கணக்குக் கேட்கும் ஏற்பாடு வேண்டும். நல்ல பயிற்சியாளர் யாரும் அதனால் சங்கடப்பட மாட்டார்.

செலியமேட்டுக்கு ஆசிரியரின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாரதிதாசனிடம் பயின்று, தானும் பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்த கவிஞர் வாணிதாசனின் ஊர் இது. ஊர் அரசுப் பள்ளி அவருடைய பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஒரு தமிழாசிரியருக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது பி.டி. மாஸ்டருக்கு நாம் கொடுத்திருக்கிறோமா? தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பிரிவேளைதான். கணக்கு மாஸ்டர் வந்து உட்கார்ந்துகொள்வார், பெற்றோரும் அதை நல்லது என்றே நினைப்பார்கள். உடற்கல்வி ஆசிரியருக்குக் கிடைக்கிற வேலை, சுதந்திர தின அணிவகுப்பும் பிரேயரில் வரிசை ஒழுங்குபடுத்துவதும்.

இந்த இடத்தில் பெற்றோர் கையில் ஒரு பிடி இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. 9 முதல் 12ஆம் வகுப்புவரை தினமும் ஒரு பிரிவேளை உடற்கல்விக்குக் கட்டாயம் என்று 2018லேயே சொன்னது அதே சிபிஎஸ்இ. பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால் அந்த விதியையும் சேர்த்துத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்! புத்தகம் மாறியதே, மைதானம் மாறியதா என்று கேட்பதற்கு நியாயம் இருக்கிறது.

பணம் இல்லை என்ற பதில் வரும். மத்திய அரசின் கேலோ இந்தியா விளையாட்டுத் திட்டத்தில் சிறு மையங்கள் அமைக்க வழி இருக்கிறது. முன்னாள் வீரர் ஒருவரைப் பயிற்சியாளராக அமர்த்தி அவருக்கு ஊதியம் தருவதும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே வருகிறது. மாநில அளவில் கபடியோ கைப்பந்தோ ஆடிவிட்டு இன்று ஏதோ ஒரு ஷிப்ட் வேலையில் இருக்கும் இளைஞர்களைப் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் தேடினால் கிடைப்பார்கள். அவர்களை மாலையில் மைதானத்துக்கு அழைத்து, அதற்குக் கூலி கொடுத்தால், கோபிசந்த் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். உச்சிக்குப் போக முடியாதவருக்கும் விளையாட்டிலேயே ஒரு வேலை, ஒரு மரியாதை. அடுத்த பிள்ளைக்கு ஒரு கோச்.

விண்ணப்பிக்க வேண்டியது யார்? தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் இருக்கும் ஊர் என்றால் அவரைப் பிடிக்கலாம். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2011இல் முடிந்துபோனது. அதன் பிறகு கொம்யூன் பஞ்சாயத்துகளை நடத்துவது அதிகாரிகள். மைதானத்துக்கு விளக்குக் கம்பம் வேண்டும் என்றால்கூட ஊர்க்காரர்கள் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்கோ ஆணையர் அலுவலகத்துக்கோ நடக்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதும் தமிழ்நாடு அரசுப் பணிகளுக்குத்தான். தென்பெண்ணைக்கு இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்குப் புதுச்சேரி அரசுதான் வழி செய்ய வேண்டும்.

ஆகவே, செலியமேட்டுப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் பட்டியலோடு கால அட்டவணையையும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பிள்ளையின் வகுப்புக்கு வாரத்தில் எத்தனை உடற்கல்விப் பிரிவேளை, அது உண்மையில் நடக்கிறதா, பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவது யார் என்று விசாரியுங்கள். பாகூர் கொம்யூனுக்கு ஒரு கேலோ இந்தியா மையம் வேண்டும், அதில் சம்பளம் வாங்கும் ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டு விளையாட்டுத் துறைக்கு ஒரு மனு கொடுங்கள்.