பால்டிக் கரையில் துண்டாகி நிற்கும் ரஷிய நிலம்

இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் துஷில் 2024 டிசம்பரிலும், ஐஎன்எஸ் தமால் 2025 ஜூலையிலும் பணியில் சேர்க்கப்பட்ட இடம் ரஷியாவின் கலினின்கிராட். தமால் அங்குள்ள யாந்தர் தளத்தில் கட்டப்பட்ட கப்பல். இந்தியச் செய்திகளில் அவ்வப்போது தலைகாட்டும் இந்த ஊரை வரைபடத்தில் தேடினால், அது ரஷியாவோடு ஒட்டாமல் தனித்துக் கிடப்பது தெரியும். வடக்கிலும் கிழக்கிலும் லிதுவேனியா, தெற்கில் போலந்து, மேற்கில் பால்டிக் கடல். சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வசிக்கின்றனர்.

இந்த நிலம் நெடுங்காலம் ஜெர்மானியர் வசம் இருந்தது. 1255-இல் டியூட்டானிக் வீரர்கள் கோட்டை எழுப்பிய கோனிக்ஸ்பெர்க் நகரமே இன்றைய கலினின்கிராட். பிரஷ்யாவின் முதல் அரசர் 1701-இல் முடிசூடியது இங்கேதான். தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் பிறந்ததும் மறைந்ததும் இங்கேதான். கணித மாணவர்கள் அறிந்த 'ஏழு பாலங்கள்' புதிரும் இந்நகரத்துடையதே.

1944-இல் பிரிட்டனின் குண்டுவீச்சில் நகரின் மையப்பகுதி எரிந்தது. 1945 ஏப்ரலில் சோவியத் படையிடம் நகரம் சரணடைந்தது. போட்ஸ்டாம் மாநாடு கிழக்கு பிரஷ்யாவின் வட பகுதியை சோவியத் யூனியனுக்கும் தென் பகுதியை போலந்துக்கும் ஒதுக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் எஞ்சிய ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டு, புதிய மக்கள் குடியேற்றப்பட்டனர். 1946-இல் பெயரும் மாறியது. ஒரு நகரத்தின் மக்கள், மொழி, பெயர் ஆகிய மூன்றும் இத்தனை விரைவில் மாற்றப்பட்டது வரலாற்றில் அரிது. ஆயினும் காண்டின் கல்லறை மட்டும் அங்கேயே உள்ளது.

லிதுவேனியா சோவியத் குடியரசாக இருந்தவரை இந்த நிலவமைப்பு சிக்கலாகவில்லை. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்ததும் கலினின்கிராட் தாய்நிலத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. 2004-இல் லிதுவேனியா நேட்டோவிலும், போலந்தும் லிதுவேனியாவும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணைந்தபின் முற்றுகை முழுமையடைந்தது.

எனினும் முற்றுகையில் இருப்பது ரஷியா மட்டும் அல்ல. கலினின்கிராடுக்கும் ரஷியாவின் நட்பு நாடான பெலாரஸுக்கும் இடையே, போலந்து-லிதுவேனியா எல்லையை ஒட்டிய சுவால்கி இடைவழி நேர்க்கோட்டில் சுமார் 65 கிலோமீட்டர்தான். மூன்று பால்டிக் நாடுகளையும் பிற நேட்டோ நாடுகளுடன் இணைக்கும் ஒரே நிலவழி இது. இது அடைபட்டால் அவையும் துண்டாகும். இரு தரப்பும் ஒரே நிலத்துண்டைக் கண்டு அஞ்சுவதுதான் இப்பகுதியின் உண்மையான ஆபத்து.

உக்ரைன் போருக்குப் பின் நெருக்கடி கூடியுள்ளது. 2022 ஜூனில், தடைவிதிக்கப்பட்ட சரக்குகள் தன் மண் வழியாகச் செல்வதை லிதுவேனியா நிறுத்தியது. மறுமாதமே, ரயில் போக்குவரத்துக்குத் தடை பொருந்தாது என ஐரோப்பிய ஒன்றியம் விளக்கமளிக்க, பதற்றம் சற்றே தணிந்தது. ஐரோப்பிய வான்வழி மூடப்பட்டதால் ரஷிய விமானங்கள் கடல்மேல் சுற்றியே வருகின்றன. 2025 பிப்ரவரியில் பால்டிக் நாடுகள் ரஷிய மின்கட்டமைப்பிலிருந்து விலகியதால், மின்சாரத்திலும் கலினின்கிராட் தனித்தீவாகிவிட்டது.

ஃபின்லாந்தும் சுவீடனும் நேட்டோவில் சேர்ந்தபின் பால்டிக் கரையில் அக்கூட்டணிக்கு வெளியே உள்ள ஒரே நாடு ரஷியா. கலினின்கிராடில் கட்டப்படும் எந்தக் கப்பலும் பெருங்கடலை அடைய, டென்மார்க்கை ஒட்டிய குறுகிய நீரிணைகளையே பெரும்பாலும் கடக்க வேண்டும். துஷில், தமால் கப்பல்களின் எரிவாயுச் சுழலி இயந்திரங்கள் உக்ரைனில் செய்யப்பட்டவை என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.