ஏலம் எடுத்தாச்சு... காசு எப்போ?

இந்த வாரம் கொஞ்சம் வில்லங்கமான கேள்வி. பாகூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார். அவங்க தாத்தா பேர்ல லைசென்ஸோட ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒண்ணு இருக்காம். எப்பவோ வயல் காவலுக்கு வாங்கினது, இப்போ பீரோவுல தூங்குது. 'நெட்ல ஏலம் விட்டா நல்ல விலை வரும்னு ஃப்ரெண்ட் சொல்றான். ஏலம் எடுத்தவர் எத்தனை நாள்ல காசு தரணும்? காசு வந்ததும் கூரியர்ல அனுப்பிடலாமா?'

தம்பி, கூரியரை மொதல்ல மறந்துடு! உள்ள போயிடுவே.

உன் ஃப்ரெண்ட் பார்த்தது அமெரிக்காக்காரன் சமாச்சாரமா இருக்கும். 1999-ல இபே தன் தளத்துல துப்பாக்கி விக்கிறதுக்குத் தடை போட்டுச்சு. அதே வருஷம் கன்புரோக்கர்னு தனியா ஒரு ஏலக்கடை வந்துடுச்சு. அங்கேயும் ஜெயிச்சவன் வீட்டு வாசலுக்குத் துப்பாக்கி வராது. லைசென்ஸ் உள்ள டீலர் கடைக்குத்தான் போகும். அங்கே பின்னணி விசாரணை முடிஞ்சாத்தான் கைக்கு வரும். பெர்சனல் செக் கொடுத்தா, அது பாங்க்ல பாஸ் ஆகுற வரைக்கும் பல பேர் பொருளை அனுப்ப மாட்டாங்க. அதனால மணி ஆர்டர் கேக்குறவங்க அதிகம்.

நம்ம ஊர்ல கதையே வேற. 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் வாங்கி வெச்சிருக்கிறவர், அதை இன்னொரு லைசென்ஸ்காரருக்கு விக்கலாம். ஆனா யாருக்கு விக்கிறோம்னு பேரு, விலாசத்தோட மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுக்கணும். கொடுத்த பிறகு 45 நாள் காத்திருக்கணும். அதுக்கப்புறம்தான் கை மாறலாம். நடுவுல தேர்தல் வந்துட்டா, லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லுவாங்க, அது தனிக் கதை!

இப்போ காசுக்கு வருவோம். 'மூணு நாள்ல முழுப் பணம்'ங்கிற ஏலக்கணக்கு இந்த 45 நாளோட ஒத்தே போகாது. முழுத் தொகையை இன்னிக்கே வாங்கிட்டோம்னு வையி, தாத்தா அதுல கூரை மாத்திடுவார். 40-வது நாள் வாங்குறவர் லைசென்ஸ்ல ஏதோ சிக்கல்னா காசை எங்கிருந்து திருப்பிக் கொடுப்பே? என்னைக் கேட்டா, விலை பேசும் முன்னாடியே அவர் லைசென்ஸைப் பார்த்துடணும். சின்னதா ஒரு அட்வான்ஸ், அதுக்கு ரசீது. 'சிக்கல் வந்தா திருப்பித் தருவோம்'னு அந்த ரசீதுலயே எழுதிடணும். மீதி, கை மாறுற அன்னிக்கு.

வாங்குறவருக்கும் மரியாதை உண்டு. ஊர்ல ஏரி மீன் ஏலம், கோயில் புளியமர ஏலம் பார்த்திருப்பீங்கல்ல? 'மூணாம் தரம்' சொல்ற வரைக்கும் கேட்ட விலையை வாபஸ் வாங்கலாம். சொல்லியாச்சுன்னா முடிஞ்சது. இது பெருசுங்க போட்ட விதி மட்டும் இல்லை, 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டத்தோட 64-வது பிரிவும் அதைத்தான் சொல்லுது. விக்கிறவர் ரகசியமா தன் ஆளையே விட்டு விலையை ஏத்தினா, வாங்கினவர் வியாபாரத்தையே ரத்து பண்ணலாம்னும் அதுல இருக்கு. அதனால பாக்கெட்ல காசில்லாம சும்மா ஜாலிக்கு விலை கேக்காதீங்க பாஸ். ஜெயிச்சுட்டு 'அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்'னு ஃபோனை ஆஃப் பண்றவனை என்னன்னு சொல்றது? அவனால விக்கிறவருக்கு ரெண்டு மாசம் வேஸ்ட், அடுத்த விலை கேட்டவரும் போயிருப்பார்.

இன்னொண்ணு. துப்பாக்கி லைசென்ஸுக்கு 21 வயசு முடிஞ்சிருக்கணும். செகண்ட் இயர் படிக்கிற பசங்க 'நானே வெச்சுக்கிறேன் தாத்தா'ன்னு கிளம்பிடாதீங்க.

2024 பாரிஸ்ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் வாங்கினதுல இருந்து ஏர் ரைஃபிள் ஆசை வந்தவங்களும் இருக்கீங்க, தெரியும். செகண்ட் ஹேண்ட் விளம்பரம் பார்த்தா, நேர்ல பொருளைத் தொட்டுப் பார்க்காம ஒரு பைசா போடாதீங்க. வில்லியனூர் பஸ் ஸ்டாண்டுல வந்து காட்டச் சொல்லுங்க. 'நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, மொதல்ல டோக்கன் அனுப்பு'ன்னு சொன்னா, அது பழைய பைக்ல ஆரம்பிச்ச அதே ஏமாத்து வேலைதான். நீங்க விக்கிறப்போ 'இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, காசு வந்துடும்'பான். காசு வாங்க பின் நம்பர் போடவே தேவையில்லை! போட்டுட்டீங்கன்னா அழுதுட்டு உக்காராம உடனே 1930-க்கு ஃபோன் அடிங்க.

பாகூர் தம்பி, நீ தாத்தாவைக் கூட்டிட்டு லைசென்ஸ் புக்கோட ஸ்டேஷனுக்குப் போ. அது இன்னும் நடப்புல இருக்கான்னு மொதல்ல பாரு. ரினியூ பண்ணாம விட்டிருந்தா, விலை பேசுறதுக்கு முன்னாடி அந்த வேலைதான் பாக்கி.