அம்மாயி வீட்டுக்குப் போன பிள்ளை



இவ்வாரம் சிறு பிள்ளைகளுக்கான படக்கதைப் புத்தகங்கள் இரண்டைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். போதகருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பமேலா எரன்பர்க் எழுதி 2017-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'குவீன் ஆஃப் தி ஹனுக்கா தோசாஸ்'. ஹனுக்கா என்னும் பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், பண்டிகை புதிதன்று. யோவான் 10-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவினாரே, அந்த மாரிக்காலத்துத் தேவாலயப் பிரதிஷ்டை பண்டிகைதான் அது. தேவாலய விளக்கில் எண்ணெய் தீராதிருந்த அற்புதத்தை நினைவுகூர்ந்து, யூதர் அந்நாட்களில் எண்ணெயில் பொரித்தவற்றை உண்பர். பெரும்பாலும் உருளைக்கிழங்கு அடை. இக்கதையின் வீட்டிலோ ஒரு பக்கம் யூத மரபு, மறுபக்கம் இந்திய மரபு. ஆகவே கல்லில் தோசை ஊற்றுகிறார்கள்! கண்ட இடமெல்லாம் ஏறித் திரியும் தங்கை, அவளால் பண்டிகை கெட்டுவிடுமோ என்று தவிக்கும் அண்ணன், எல்லாரும் வெளியே நிற்கையில் பூட்டிக்கொண்ட கதவு. கதையின் சிக்கல் அவ்வளவே. வீட்டில் இரண்டு மரபுகள் இருப்பது அங்கே சிக்கலே அன்று.

இரண்டாவது, ரிச்சர்ட் ஹோ எழுதிய 'டூ நியூ இயர்ஸ்', 2023-இல் வந்தது. சீன மரபும் யூத மரபும் கலந்த குடும்பம் ஒன்று ஆண்டுக்கு இருமுறை புத்தாண்டு கொண்டாடுகிறது. ஒன்று, லேவியராகமம் 23-இல் நாம் வாசிக்கும் எக்காளச் சத்தத்தின் நாள். மற்றது, தை மாசியில் வரும் சீனரின் சந்திரப் புத்தாண்டு.

சீனரும் யூதரும் நமக்கு எட்டாத தூரம் என்று எண்ணவேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட யூத ஜெப ஆலயத்தின் தரையில் பதித்திருப்பவை, சீனாவில் கையால் வண்ணந்தீட்டிய நீல வெள்ளை ஓடுகள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழரும் சீனரும் மணந்து பெற்ற பிள்ளைகளுக்குச் 'சிண்டியன்' என்று பெயரே உண்டு. பெற்றோர் இருவரின் இனத்தையும் சேர்த்துப் பிள்ளைக்குப் பதிவு செய்யச் சிங்கப்பூர் அரசு 2011 முதல் இடங்கொடுக்கிறது.

இனி நம் மீமிசலுக்கு வருவோம். பாங்கோசையும் கோயில் மணியும் ஆலய மணியும் ஒரே காற்றில் வரும் ஊர் இது. நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் நம் வீடுகளுக்கும் வருகிறது. நம் சபையிலேயே தகப்பன் வழியில் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்களாயும், தாய் வழியில் முதல் தலைமுறையாயும் உள்ள பிள்ளைகள் எத்தனைபேர்! அம்மாயி வீட்டு வாசலில் கோலமும் பொங்கற்பானையும். அப்பாயி வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். பொங்கல் கழிந்த ஞாயிற்றில் "லீவுக்கு எங்கே போனாய்?" என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் கேட்டவர் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொல்லும். "எங்கேயும் போகலை" என்று சொல்லும். அம்மாயி கையால் கரும்பு வாங்கித் தின்றதை மறைக்கக் கற்ற பிள்ளைக்கு நாம் விசுவாசத்தையா கற்பித்தோம்? பொய்யையே கற்பித்தோம்.

வேதம் எதையும் இப்படி மறைக்கவில்லை. ரூத் நகோமியின் தேவனைத் தன் தேவனாகப் பற்றிக்கொண்ட பிறகும், அந்தப் புத்தகம் கடைசி அதிகாரம் வரை அவளை மோவாபிய ஸ்திரீ என்றே சொல்லுகிறது. மத்தேயு தம் முதல் அதிகாரத்திலேயே அவள் பெயரை எழுதிவைக்கிறார். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் என்பது ஊரறிந்த செய்தி. தாயும் பாட்டியும் யூத விசுவாசத்தில் அவனை வளர்த்தார்கள்.

இது சமரசம் அல்லவா என்பீர்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. உள்ளபடி சொன்னால், இத்தகைய புத்தகங்களில் எனக்குள்ள குறையும் அதுதான். தோசையும் தேனும் கலப்பது எளிது. அடுப்படியில் சண்டை வராது. அம்மாயி விளக்கேற்றிக் கும்பிடும்போது பக்கத்தில் நிற்கும் பேத்தி தன் கைகளை என்ன செய்வாள் என்பதைத் தோசைக்கதை சொல்லாது. அதைப் பெற்றோரே சொல்லவேண்டும். என் எண்ணம் இது: அவள் மரியாதையோடு அமைதியாக நிற்கட்டும். படைத்த பொங்கலைப் பற்றிக் கேட்டால் 1 கொரிந்தியர் 10-ஆம் அதிகாரத்தை அவளோடு உட்கார்ந்து வாசியுங்கள். அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் போவதைப் பவுல் தடுக்கவில்லை. இது படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவர் மனச்சாட்சியினிமித்தம் உண்ணாதிருக்கச் சொல்லுகிறார். அம்மாயியின் வாசலை மிதிக்காதே என்று எங்கும் சொல்லவில்லை. உங்களில் சிலர் இதற்கு உடன்படமாட்டீர்கள், அறிவேன். வீட்டுக்கு வந்து பேசுங்கள்.

நம் ஞாயிறு பள்ளி அலமாரியில் நோவாவின் பேழையும் யோனாவின் மீனும் உண்டு. நம் பிள்ளைகளின் வீடு இல்லை. சென்னையின் தூளிகா பதிப்பகமும், பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளமும் தமிழில் படக்கதைகள் தருகின்றன. ஸ்டோரிவீவரில் இலவசமாக வாசிக்கலாம், நாமே கதை எழுதிச் சேர்க்கவும் செய்யலாம். ஆகவே வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் வரைதாளும் வண்ணக்குச்சியும் வைத்திருப்போம். பிள்ளைகள் தங்கள் இரண்டு வீடுகளையும் வரையட்டும். அம்மாயி சமைக்கும் ஒரு பலகாரத்தின் பெயரையும், அதை எந்த நாளில் ஏன் செய்கிறார் என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி அனுப்புங்கள். சபைக்கு வராத அம்மாயிகளும் அப்பத்தாக்களும் அன்று கூடவே வரலாம், நாற்காலி போட்டிருப்போம்.